பிள்ளை பார்க்க வந்த கோழி

புளியமரத்து வௌவாலுக்கு முதல் பிள்ளை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பிள்ளை தும்மினால் தாய்க்குப் பயம், தும்மாவிட்டால் அதைவிடப் பயம். பிள்ளை பார்க்க வந்த கோழி, தாழ்ந்த கிளையில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்தது.

"அடிப் பாவி, பச்சைப் பிள்ளையை இப்படியா தலைகீழா வச்சிருப்ப?"

"எங்க வழக்கமே இதுதான் அக்கா."

"ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிடாதா? பன்னிரண்டு பொரிச்சவ சொல்றேன், கேட்டுக்கோ."

"பன்னிரண்டும் எங்கே அக்கா?"

"ரெண்டு இருக்கு. மத்ததைப் பருந்துகிட்டே கேளு. என் வளர்ப்பிலே ஒரு குறையும் கிடையாது."

வௌவால் கலங்கிப்போனது. பன்னிரண்டு பொரித்தவள் காரணமில்லாமல் சொல்வாளா? கால்பிடியை விட்டு, சிறகு நகங்களால் கிளையைப் பற்றி, தலை மேலே இருக்கும்படி நிமிர்ந்து தொங்கியது. அந்த நொடியே பிள்ளை அதன் நெஞ்சிலிருந்து சறுக்கியது. வௌவால் அலறியது. கோழி கண்ணை மூடிக்கொண்டது.

பிள்ளை அலறவில்லை. வாயில் தாயின் முலைக்காம்பு இருந்ததால் அதற்கு அலற வசதிப்படவில்லை. அதைக் கடித்தபடியே தொங்கி, தாயின் மயிரைப் பற்றி மேலே ஏறி, விட்ட இடத்திலிருந்து பால் குடித்தது. வௌவால் பழையபடி தலைகீழானது.

கோழி கண்ணைத் திறந்து பார்த்தது.

"பாத்தியா, நல்லவேளை நான் வந்தேன். நாளைக்கு வாத்தையும் கூட்டிட்டு வரேன். பிள்ளையைக் குளத்திலே எப்படி விடணும்னு அவ சொல்லித் தருவா."