போனைத் திற

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. ஒரு மாமியார் தன் மருமகளிடம் வரிந்துகட்டிக்கொண்டு போன கதையைச் சொல்கிறேன்.

“யோவ், போனைத் திற. யார் அந்தப் பொம்பளை?”

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை அப்படியே நின்றது. பக்கத்து அறையில் மருமகளின் குரல். கல்யாணமான நாளிலிருந்து புருஷனை ‘வாங்க, போங்க’ என்று மட்டுமே பேசியவள், இன்றைக்கு யோவ் என்கிறாள்.

“சொல்ல முடியாதுங்க” என்றான் மகன். பத்திரிகையில் செய்தி எழுதி ஊரையே கேள்வி கேட்கிறவன், பெண்டாட்டியிடம் ‘ங்க’ போட்டுப் பம்முகிறான்.

“தினமும் கூப்பிட்டிருக்கா. என்ன பேசினா?”

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள.”

“பேரை மட்டும் சொல்லு. உன்னை விட்டுடறேன்.”

“என்னை நம்பிப் பேசினவங்க. பேரைச் சொன்னா அவங்க பொழப்பே போயிடும்.”

“உன் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தாப் பரவாயில்லையா?”

மாமியார் சுவரில் காதை வைத்தாள். இந்தப் பயல் என்ன காரியம் பண்ணித் தொலைத்தானோ?

மேசையில் ஓங்கி ஓர் அடி. “தப்பு பண்ணலைன்னா காட்டுறதுக்கு என்ன பயம்?”

மடித்த துணி கீழே விழுந்தது. இதே கேள்வியைக் கேட்டுத்தான் அந்தக் காலத்தில் அவளுடைய மாமியார், அவள் பெட்டியைக் குடைந்தாள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“காட்டாதடா” என்றாள் மகனிடம். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, தப்பு பண்ணலைன்னா எதுக்குக் காட்டணும்? குளிக்கும்போது கதவைச் சாத்திக்கிறோமே, உள்ள திருட்டுத்தனமா பண்றோம்? உனக்குச் சந்தேகம்னா அது உன் தலைவலி. ஆதாரத்தோட வா, பேசலாம். ஒருத்தி இவனை நம்பி வாயைத் திறந்திருக்கா. இவன் காட்டிக் குடுத்துட்டா, அப்புறம் இந்த ஊர்ல எவ வாயைத் திறப்பா?”

மகன் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினான். மருமகள் எழுந்து வந்து, மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“இவருக்குச் செய்தி குடுத்தது யாருன்னு நாளைக்குப் போலீஸ் இப்படித்தான் கேக்கப் போகுது அத்தை. அதுக்குத்தான் நான் போலீஸா நின்னு ஒத்திகை பாத்தோம். பதில் சொல்ல நீங்களும் கூட வாங்க.”

நன்றாக இருங்கள், தங்கங்களே. உங்கள் வீட்டுக் கதவு நீங்கள் திறந்தால் மட்டுமே திறக்கட்டும்.