ஆளுக்கொரு அமுக்கு

"டீ வரட்டும். அதுக்கு முன்னாடி ஆளுக்கொரு அமுக்கு அமுக்குங்கப்பா" என்றார் நல்லகாமன்.

சமயநல்லூர் டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் போனை எடுத்தார்கள். செப்டிக் டேங்க் லாரி என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அழகுபாண்டியின் விளம்பரம். அதை ஒரு தரம் அமுக்கிவிட்டு, திறப்பதற்குள் மூடிவிட வேண்டும். டீ நல்லகாமன் கணக்கு.

"இதுல அவருக்கு என்னண்ணே நட்டம்?" என்று கேட்டான் பேயாண்டி. அவன் பெஞ்சுக்குப் புதுசு.

"மொபைல் கடை ஜனகராஜ் வெவரமாச் சொன்னாப்ல. தொட்டவன் லாரியைக் கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும், தொட்டதுக்கு அழகுபாண்டி காசு கட்டணும். அன்னைக்குக் கட்டுன காசு தீந்துச்சுன்னா வெளம்பரம் தானா மறைஞ்சிரும். மறுநாத்தான் மொளைக்கும்."

"அப்ப நீங்களே ஒக்காந்து அமுக்க வேண்டியதுதானே?"

"ஒரே போன்ல திரும்பத் திரும்ப அமுக்குனா கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சுக் கணக்குல இருந்து தள்ளிருவானாம். அதுக்குத்தான்டா உனக்கு டீ."

பெஞ்சின் ஓரத்தில் இருந்த சோணை, வந்த டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "என்ன இருந்தாலும் சொந்தச் சித்தப்பா மகன்ண்ணே."

"யாரு இல்லேங்கிறது? மகளுக்குச் சடங்கு வச்சான். பத்திரிகையில மாமன் பேரு, மச்சான் பேரு, பந்தல்காரன் பேருகூட இருந்துச்சு. என் பேரை விட்டுட்டான்."

"அச்சடிச்சவன் விட்டுட்டான்னு ஓடியாந்து கையைப் பிடிச்சாரேண்ணே."

"அச்சடிச்சவனுக்கா நான் அண்ணன்?"

சோணை டீயைக் குடித்தான். டீ நல்லகாமன் கணக்கு.

அப்போது சாலையில் ஒரு லாரி போனது. அழகுபாண்டியின் லாரி. டீக்கடைக்கு நேரே வந்ததும் இரண்டு தரம் ஹாரன் அடித்தது. தினமும் அடிக்கும்.

"கொழுப்பைப் பாத்தியா" என்று நல்லகாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேச்சை முறித்த நாளிலிருந்து அவன் முகத்தை அவர் பார்ப்பதில்லை. போனிலும் அதே முறைதான். விளம்பரத்தை அமுக்குவார், அமுக்கிய கையோடு போனைத் தொடையில் கவிழ்த்துவிடுவார். பேசாதவன் பக்கத்தைப் பார்ப்பதாவது!

இத்தனைக்கும் விளம்பரம் போட்டது அழகுபாண்டி என்றாலும், போன வருடம் ஓயாமல் போன் வந்தது என்னவோ அதே தொழில் செய்யும் நல்லகாமனுக்குத்தான். பரவை, விளாங்குடி என்று அவர் லாரி நிற்க நேரமில்லாமல் ஓடியது. "காசைக் கொட்டுறது அவன், வேலை வாரது எனக்கு. கருப்பன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்று பெஞ்சில் எல்லோரிடமும் சொன்னார்.

அமுக்க ஆரம்பித்த பிறகு போன் குறைந்தது. அழகுபாண்டிதான் ஏதோ சூழ்ச்சி செய்கிறான் என்று முடிவு கட்டி, டீயைக் காலை, மாலை என்று இரண்டு வேளையாக்கினார்.

போன் நின்றே போனது.

லாரி வேப்பமரத்தடியில் நின்றது. கண்ணாடியெல்லாம் காக்கை எச்சம். டிரைவர் வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

"லாரியை வெலைக்குப் பாக்க மேலூர்க்காரரு ஒருத்தரு ஞாயித்துக்கெழமை வாராராம்" என்றாள் மனைவி சின்னத்தாய். "அதையும் குடுத்துட்டு என்ன செய்யப் போறீக?"

"குடுக்க மாட்டேன். நானும் வெளம்பரம் போடப் போறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஜனகராஜ் அப்போதுதான் மொபைல் கடையைத் திறந்திருந்தார்.

"எனக்கும் ஒண்ணு போடு தம்பி. அவனதுக்கு மேல வரணும்."

"போட்டுருவோம்ண்ணே. இதுவரைக்கும் உங்க நம்பரு ஆளுகளுக்கு எப்படிக் கெடைச்சுச்சு?"

"அதெல்லாம் நான் கேக்குறதில்ல. லாரி வேணும்பாக. அனுப்புவேன்."

"சரி, மாதிரிக்கு உங்க தம்பியோடதையே பாப்போம்." ஜனகராஜ் போனை அவர் பக்கம் நீட்டினார்.

நல்லகாமன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்குக் காட்டாத. வேணும்னா வாசி."

ஜனகராஜ் வாசித்தார். "'செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டதா? கவலை வேண்டாம். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.' கீழ அவரு நம்பரு இருக்கு."

"ம்."

"'சமயநல்லூர், பரவை, விளாங்குடிப் பக்கம் என்றால்...'"

ஜனகராஜ் நிறுத்தினார்.

"என்னப்பா, வாயில கொழுக்கட்டையா?"

"'...எங்கள் அண்ணன் நல்லகாமனைக் கூப்பிடுங்கள். நாணயமான மனிதர்.' உங்க நம்பருதான்ண்ணே போட்டிருக்கு. போன வருசத்துல இருந்து இருக்கு."

சுவரில் ஒரு போன் கவர் தொங்கியது. நல்லகாமன் அதை நேராக மாட்டினார்.

"பேரைச் சரியாப் போட்டிருக்கானா?"

"தடிச்ச எழுத்துல இருக்குண்ணே. அவரு பேரை விடப் பெருசா."

நல்லகாமன் மெல்லத் திரும்பி, "காட்டு" என்று கையை நீட்டினார்.

அந்த நேரம் சோணை கடைக்குள் தலையை நீட்டினான்.

"அண்ணே, இங்கயா இருக்கீக? நீங்க இல்லாட்டியும் இன்னைக்கு அம்புட்டுப் பேரும் அமுக்கியாச்சு. வெளம்பரம் காணாமப் போச்சு. டீ சொல்லவா?"