மூணு சாஃப்ட்வேர், ஒரு முகம்

"இதுவும் உருப்படாது," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சரிந்தான் போட்டோக்காரன். இரண்டு நாளில் அவன் திட்டித் தீர்த்த மூன்றாவது சாஃப்ட்வேர் அது.

வினை புது கேமரா ரூபத்தில் வந்தது. அதன் 'ரா' ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்று பழைய சாஃப்ட்வேர் அடம் பிடித்தது. ரா என்பது சமைக்காத அரிசி மாதிரி. கேமரா கண்டதெல்லாம் உள்ளே இருக்கும், ஆனால் வேகவைத்து இறக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். பதினைந்து நாள் இலவசம் என்று ஆசை காட்டியவற்றில் மூன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, எதை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான்.

சோதனைக்கு அவன் எடுத்துக்கொண்டது மகளின் படத்தை. பிறந்து ஐந்தே நாளானவள், முன்னறை ஜன்னலோரம் வெள்ளைத் துண்டில் கண்ணை மூடிக் கிடக்கிறாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள். அத்தனை வருஷமும் கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டி அடுத்தவர் குழந்தைகளைச் சிரிக்க வைத்துப் படமெடுத்தவன், சொந்த மகளின் முதல் படத்திலா கோட்டை விடுவான்? மாமியார் வேறு கால் முறிந்து வெளியூரில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பேத்தி முகத்தை இன்னும் பார்க்கவில்லை என்று மணிக்கொரு தரம் போன் செய்தாள்.

"ஏங்க, அம்மா மறுபடியும் கூப்பிட்டுட்டாங்க," என்று மனைவி உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள். "செல்லுல ஒண்ணு எடுத்து அனுப்பிடவா?"

"செல்லுலயா? போட்டோக்காரன் பொண்டாட்டி பேசற பேச்சா இது? சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன்னு சொல்லு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க." அவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

அவன் மட்டும் என்ன, ஆசைப்பட்டா இழுத்தடிக்கிறான்? முதல் சாஃப்ட்வேரில் குழந்தையின் முகம் பழைய காகிதம் மாதிரி மஞ்சளாக வந்தது. ஜன்னல் திரைதான் நிறத்தைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றி வீசிவிட்டு, நேற்றுப் பகலில் மறுபடி எடுத்தான். இரண்டாவதில் போட்டுப் பார்த்தால் அதே கதை, கொஞ்சம் கூடுதலாகவே.

மூன்றாவது ஓரளவு சொன்ன பேச்சு கேட்டது. மஞ்சளைக் குறைத்துக் குறைத்து முகத்தை ரோஸ் நிறத்துக்குக் கொண்டுவந்தான். உடனே துண்டு நீலமாகிவிட்டது. துண்டை வெள்ளையாக்கினால் முகம் பழையபடி போய் உட்கார்ந்துகொண்டது. எந்தப் பாவி எழுதிய சாஃப்ட்வேரோ என்று வாய்விட்டே சபித்தான்.

மனைவி தேநீரோடு வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். "கண்ணு முழிச்சிருக்கறப்ப வேற ஒண்ணு எடுங்களேன்."

"எங்க முழிக்கிறா? எப்ப வந்து பாத்தாலும் தூக்கம்தான்."

"ஆமா, பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கு. அழுகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தங்கம்."

இருவருக்கும் அதில் பெருமைதான். பெற்றவர்களைத் தூங்கவிடும் குழந்தை எத்தனை பேருக்கு வாய்க்கும்? மகள் அவனைத் தூங்கவிட்டாள், இந்தச் சாஃப்ட்வேர் சனியன்தான் விடவில்லை. அவள் படுத்திருந்த உள்ளறையில் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மங்கலாக ஒரு விளக்கு போட்டிருந்தார்கள். படமெடுக்கும்போது கேமரா வழியாகப் பார்த்ததைத் தவிர, இரண்டு நாளாக அவன் மகளை நன்றாகப் பார்த்ததெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில்தான்.

இனி ஆகாது என்று லேப் அக்காவுக்குப் போன் போட்டான். படங்களைப் பிரிண்ட் போடும் லேப்பில் இருபது வருஷமாக நிறம் பார்ப்பவள் அவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கோணல் நிறம் காகிதத்தில் ஏறியதில்லை. அவள் வாய்க்கும் யாரும் தப்பியதில்லை.

"அக்கா, மூணுல எதை வாங்கறது? மூணுமே தோல் நிறத்தைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்குது."

"கேமராவைக் குறை சொல்லி முடிச்சாச்சு, இப்ப சாஃப்ட்வேரா? ரா ஃபைலை அனுப்பு. என் மெஷின்ல பாக்கறேன்."

அனுப்பினான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே காத்திருந்தான். அந்தப் பக்கம் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"கீழ விரிச்சிருக்கறது என்ன நிறம்டா?"

"வெள்ளைத் துண்டுக்கா. புதுசு. நேத்துதான் பிரிச்சோம்."

"இங்கயும் வெள்ளையாத்தான் காட்டுது. கம்ப்யூட்டர் காட்டற நிற நம்பரை வெச்சே பாத்துட்டேன், ஒரு புள்ளி பிசகல."

"அப்ப மூஞ்சி மட்டும் ஏன்க்கா இப்படி வருது?"

மறுபடி மவுஸ் சத்தம்.

"நீ போட்ட மூணுலயும் இதே நிறம்தானா?"

"இதேதான். மூணும் தண்டம். நான்தான் இழுத்துப் புடிச்சு ரோஸாக்கி வெச்சிருக்கேன். பேசாம அதையே மாமியாருக்கு அனுப்பிடலாம்னு பாக்கறேன். முடியலக்கா. நாலாவது ஏதாச்சும் இருந்தா சொல்லு, கண்ணை மூடிட்டு வாங்கிடறேன்."

மவுஸ் சத்தம் நின்றது.

"எதையும் வாங்காத," என்றாள் அக்கா. வழக்கமான கேலி அந்தக் குரலில் இல்லை. "படம் சரியாத்தான்டா இருக்கு. பாப்பாவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு."