குறையாத ஜாடி

வெள்ளைக்காரன் விட்டுப்போன காரைத் திண்டிவனத்தில் வாங்கிய பாண்டுரங்கன், பழைய பெயிண்டைச் சுரண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வேலையும் வருஷக்கணக்கில் இழுத்தது. வெறும் தகரம் துருப்பிடிக்காமலிருக்க, மனைவி சின்னபொண்ணுக்குத் தெரியாமல் சமையல் எண்ணெயைத் திருடித் திருடிப் பூசினான். ஆச்சரியம், ஜாடி குறையவே இல்லை!

இன்று புதுப் பெயிண்ட் மினுங்க, கார் உறுமிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது.

“எல்லாம் மேல்மலையனூர் அங்காளம்மா மகிமை! எடுக்க எடுக்க எண்ணெய ஊற வெச்சாளே!” என்று கண்கலங்கித் தேங்காயை ஓங்கினான்.

“நில்லுய்யா! மல்லாட்டை ஒடைக்கப் போயி, கூலியா வந்த கடலையைச் செக்குல ஆட்டிக்கினு வந்து, நீ திருடத் திருட ஊத்தி வெச்சவ நானு.”

சின்னபொண்ணு முன்சீட்டில் ஏறிச் சாய்ந்தாள்.

“அவளுக்கு ஒண்ணு ஒடச்சா, எனக்கும் ஒண்ணு ஒடை!”