அஞ்சரை மணி போன்

"ஏங்க, ஃபைஹா இந்தியாவுல யாரோடயோ பேசுறா," என்றாள் மஹ்பூபா, வெங்காயம் நறுக்கியபடி.

பசீர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எப்படிச் சொல்றே?"

"தினம் சாயங்காலம் ஆறரைக்கு ரூமைச் சாத்திக்குவா. போன ஞாயித்துக்கிழமை குளிர்காலத்துக்காக அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வச்சோமா, அன்னையிலருந்து அஞ்சரைக்கே சாத்துறா. இங்க ஃப்ரீமான்ட்ல இருக்கிறவன்னா ஆறரைக்குத்தானே பேசுவான்? இந்தியாவுலதான் கடிகாரம் மாறாது."

"ஸ்கூல் ப்ராஜெக்டா இருக்கும்."

"ப்ராஜெக்டைத் தமிழ்லயா பண்ணுவா? நாம தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்ற பொண்ணு, உள்ள தமிழ்ல குழையுறா. பதினஞ்சு வயசு. உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மணி சரியாக ஐந்தரை. மஹ்பூபா கத்தியை வைத்துவிட்டு அடிமேல் அடி வைத்துப் படியேறி, கதவில் காதை வைத்தாள்.

"நான் சாப்ட்டேன். நீங்க சாப்ட்டீங்களா? இல்ல, அம்மாக்குத் தெரியாது. ப்ராமிஸ்."

கதவைத் தள்ளித் திறந்தாள். ஃபைஹா போனை மறைப்பதற்குள் பிடுங்கிவிட்டாள்.

திரையில் மஹ்பூபாவின் அண்ணன். மகன் கல்யாணத்துக்குப் போன் பண்ணிக்கூட அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார் என்று, மூன்று வருடமாக அவள் பேசாமல் இருக்கும் அண்ணன். முகம் இளைத்திருந்தது.

மஹ்பூபா போனை மகளிடமே நீட்டினாள்.

"காலையில பிரஷர் மாத்திரை போட்டாரான்னு உங்க மாமாகிட்ட கேளு."