துண்டுக்கு அடியில் வானம்

வானத்தில் ஒரு துண்டுக்குப் புடவைக்கடை வேணுகோபால் மனசுக்குள் போட்ட விலை இருபது ரூபாய். நூறு வரைக்கும் போகலாம் என்று மடியில் முடிந்துதான் வந்திருந்தார். ஆனால் அது மடிக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

"லைட்டு கீட்டு போட்றாதீங்க மொதலாளி! ஃபிலிம் செத்துப்பூடும்!" இருட்டுக்குள்ளிருந்து பஞ்சாட்சரம் கத்தினான்.

பட்டப்பகலில் அந்த அறை அமாவாசையாக இருந்தது. ஸ்டூடியோக்காரன் பஞ்சாட்சரம், வீட்டு ஸ்டோர் ரூமுக்கு இரட்டைக் கம்பளி மாட்டி, அதில்தான் தன் நட்சத்திரப் படங்களைக் கழுவினான். வாசலில் குரல் கொடுத்து யாரும் வரவில்லை. சமையலறையில் பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. சரி என்று வேணுகோபாலே கம்பளியை விலக்கி நுழைந்துவிட்டார்.

அவர் அவசரம் அவருக்கு. சந்திரனில் மனுஷன் இறங்கினதும் எதிர்க்கடைக்காரன் புடவையில் நிலாப் புட்டா போட்டு, தீபாவளி வியாபாரத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டான். பங்குனி முகூர்த்தத்துக்குள் இவரும் வானத்தில் எதையாவது பிடித்து முந்தானையில் போட்டாக வேண்டும். போன வாரம் ஸ்டூடியோவில் ஒரு படம் பார்த்தார். திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தெற்கே இருக்கும் நெபுலாவாம். கறுப்பில் வெள்ளைப் புகை, இறக்கை விரித்த அன்னம் மாதிரி. அன்றிலிருந்து தூக்கமில்லை.

"அந்த நெபுலாவோ கபிலாவோ, அத எனக்குக் குடுத்துடுப்பா."

"வெலைக்கில்ல மொதலாளி. அரை மணி நேரம் டெலஸ்கோப்பக் கையாலயே நவுத்திக்கினு புடிச்ச படம். அப்பவும் பத்தாம, மூணு நெகட்டிவ ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி அச்சுப் போட்டேன். டெலஸ்கோப் கண்ணாடிக்குப் பூச வெள்ளி வேணுமேன்னு, குழலியோட கூறப்பொடவைய எரிச்சு சரிகைலேருந்து எடுத்தேன். சும்மாவா?"

"அடப்பாவி! கட்டினவ சும்மா வுட்டாளா?"

"பட்டுத் தரகர் பொண்ணாச்சே. கணக்கு வெச்சுக்கினு இருக்குது."

இருட்டில் சளக், சளக்கென்று சத்தம்.

"அது இன்னாப்பா?"

"ஃபிலிமோட ரெண்டு முனையும் ரெண்டு கையால புடிச்சு, ஊஞ்சல் மாதிரி மருந்துல ஏத்தி எறக்கணும். நிறுத்தினா திட்டுத் திட்டா ஆயிடும்."

வேணுகோபால் சிரித்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் பட்டுப் பேரம் வாயாலா நடக்கிறது? வாய் ஊருக்கு, விலை துண்டுக்கு அடியில், விரலுக்கு. வாய் 'கிடையவே கிடையாது' என்னும்போதே விரல் பேரத்தை முடித்துக்கொண்டிருக்கும். இருட்டில் யாருக்கு மறைக்க என்று தோன்றாமல், பழக்கதோஷத்தில் தோள்துண்டை எடுத்துக்கொண்டு துழாவினார். ஒரு கை தட்டுப்பட்டது. துண்டால் மூடி, இரண்டு விரலைப் பிடித்தார். ஒரு விரல் பத்தா, நூறா என்று முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிடிப்பதுதான் முறை. படம் பிடிக்கிறவனிடம் அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்.

கை ஒரு கணம் திடுக்கிட்டது. பிறகு அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தியது.

"வெலைக்கில்லன்னா வெலைக்கில்ல மொதலாளி!" சளக், சளக்.

அடேயப்பா, என்ன நடிப்பு! தறி பிடிக்காத விரல், மெத்தென்று இருந்தது. ஆனால் பிடி கெட்டி. இவர் இரண்டிலேயே நின்றார். அது நாலுக்கு இறங்கியது. இவர் போனால் போகிறதென்று மூன்றைப் பிடித்தார். கை கொஞ்சம் யோசித்தது. பிறகு மூன்றைத் திருப்பிப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டியது. தீர்ந்தது பேரம்.

"அந்த வரதரே எறங்கி வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்!"

"சரிப்பா, நீ குடுக்காத, குடுக்காத!" வேணுகோபாலுக்குச் சிரிப்பில் தொந்தி குலுங்கியது. முப்பது ரூபாய்க்கு ஆகாசம்! பிடித்த கையை விடக்கூட மறந்துபோனார்.

சளக் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சு, இனிமே வெளிச்சம் படலாம். குழலி, லைட்டப் போடு!" என்றான் பஞ்சாட்சரம்.

விளக்கு எரிந்தது. அறையின் அந்தக் கோடியில், இரண்டு கையும் மருந்து சொட்ட நின்றான் பஞ்சாட்சரம். இந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி ஏலவார்குழலி, வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு நின்றாள். ஒரு கை சுவிட்சில். மறு கை வேணுகோபாலின் துண்டுக்கு அடியில்.

வேணுகோபால் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். அவசர அவசரமாக மடியை அவிழ்த்து மூன்று பத்து ரூபாய் நோட்டை நீட்டினார். "இந்தாம்மா... முப்பது..."

"நோட்டு எதுக்குண்ணே? ரூபான்னு நீங்க வாயத் தொறந்து சொல்லவே இல்லியே. பொடவக் கடைக்காரரு மூணு விரலப் புடிச்சா, மூணு பட்டுப் பொடவதான?"

"அநியாயம்மா இது!"

"அப்ப கடைவீதில நாலு பேரக் கேப்பமா, துண்டுக்கடியில நீங்க யார் கையப் புடிச்சீங்கன்னு?"

வேணுகோபால் நோட்டை மறுபடி மடியில் முடிந்துகொண்டு, "மூணும் சாயங்காலமே வந்துடும்மா" என்றார்.

"குழலி, என் படம்!" என்று பஞ்சாட்சரம் அலறினான்.

"நெகட்டிவ் இருக்குதில்ல? இன்னொண்ணு அச்சுப் போட்டுக்குங்க." குழலி நிதானமாக ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "எரிஞ்சதுக்கு ஒண்ணு, வட்டிக்கு ஒண்ணு, என்னக் கேக்காம எரிச்சதுக்கு ஒண்ணு. உங்க கணக்கு பைசல்."