மிச்சம் மூணு போட்டி

எடிசன் நகரத்து வீட்டிலிருந்து சர்ச்சுக்குக் கார் கிளம்பியதுமே ஜெபராணி ஆரம்பித்துவிட்டாள்.

"வெக்கமா இல்லையாடா ஷைன்? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா!"

"இப்ப என்னம்மா? அதான் போட்டியை விட்டுட்டு, சேலை கட்டிட்டு சர்ச்சுக்கு வர்றாளே!"

பின் சீட்டில் ஹங்கேரி மருமகள் இல்திகோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று ஏழு போட்டி சேர்ந்த ஹெப்டத்லானில் வீராங்கனை. சனிக்கிழமை நாலு போட்டி, ஞாயிற்றுக்கிழமை மூன்று. ஏழும் முடித்தால்தான் மார்க். நல்ல மார்க் வந்தால் ஹங்கேரி டீமோடு சிட்னி ஒலிம்பிக். நேற்று நாலும் முடிந்தபோது இவள்தான் முதலிடம்.

"என் மானமே போச்சுடா!"

"அதான் நான் சொல்லி நிறுத்திட்டேன்லம்மா?"

"என்னன்னு சொல்லி நிறுத்தின? வாயைத் தொறந்து சொல்லு."

ஷைன் காரின் வேகத்தைக் கூட்டினான்.

"காலையில சேலைக்குக் கொசுவம் வைக்கும்போது இவ அழுதுக்கிட்டே எல்லாம் சொன்னா. ஞாயித்துக்கிழமை ஓடினா ஊர்ல எங்கம்மா தாங்க மாட்டாங்கன்னு இவகிட்ட சொல்லி மூணு வருஷமா பாதியிலயே கூட்டிட்டு வந்திருக்க! நான் எப்படா சொன்னேன்? பொண்டாட்டி பேரு பேப்பர்ல வந்தா உனக்கு எரியுது. அதுக்கு என் பேரா?"

"அம்மா, ஆராதனைக்கு லேட்டாகுது..."

"ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன். கிரவுண்டுக்குத் திருப்பு வண்டியை!"

ஜெபராணி வேதாகமப் பையைத் திறந்து, ஆணி வைத்த ஓட்டக் காலணிகளை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

ஷைன் கண்ணாடியில் பார்த்தான். இல்திகோ சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஷார்ட்ஸ்.

"என்ன பாக்கற? வீட்லயே சொல்லியிருந்தா நீ கார் சாவியை ஒளிச்சு வச்சிருப்ப. ஓட்டு!"